பீலித் தண்ணியும் ரேடியேட்டரும்

பதுளையிலோ பசறையிலோ பழைய கார் ஒன்று கைமாறும்போது பேரம் பெரும்பாலும் பெயின்டையும் டயரையும் சுற்றித்தான் நடக்கும். மிஞ்சினால் பொனட்டைத் தூக்கி இஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள். ஆறிய இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திருகிப் பார்ப்பவர் சிலரே. திருகினால் அந்தக் காரை முன்பு வைத்திருந்தவர்கள் எல்லோரும் உள்ளே தெரிவார்கள்: பச்சைக் கூலன்ட் ஊற்றியவர், அதன்மேல் சிவப்பை ஊற்றியவர், ஒழுகியபோது அடைக்கும் தூளைப் போட்டவர், எதுவும் வேண்டாமென்று வழியில் கண்ட பீலியில் போத்தலைப் பிடித்து நிரப்பியவர்.

இந்தக் கடைசி ஆளைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் அவர் செய்தது ஒரு காலத்தில் சரியான வேலை.

ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல். தோட்டத்துத் துரைமார் கார் வாங்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்தத் தலைமுறையில்தான். ஃபோர்ட் மாடல் டி, 1922இல் வந்த ஆஸ்டின் செவன் போன்ற அக்காலத்துக் கார்களில் தண்ணீரைத் தள்ள பம்ப் கிடையாது. இஞ்சினில் சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும். ரேடியேட்டரில் ஆறிக் கனத்து கீழே இறங்கும். அந்தச் சுற்று தானாக நடக்கும், சமதரையில். வெல்லவாயவில் இருந்து எல்லவுக்கு ஏறும் பாதையோ முப்பது கிலோமீட்டருக்குள் எண்ணூறு மீட்டருக்கு மேல் உயர்கிறது. கியரைக் குறைத்து, மெதுவாக, முழு மூச்சோடு ஏறும் கார். முகப்பில் போதிய காற்றுப் படாது. போதாக்குறைக்கு மலையே அதற்கு எதிரி: கடல்மட்டத்தில் நூறு பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,225 மீட்டர் உயரப் பண்டாரவளையில் தொண்ணூற்றாறிலேயே கொதித்துவிடும். மூடியில் அழுத்தம் பிடிக்காத அந்த நாளில், கொதித்த தண்ணீர் ஆவியாகிப் போகும். போனதை நிரப்பியாக வேண்டும். அதற்காகவே அமைந்ததுபோல் பாதையோரம் இராவணன் நீர்வீழ்ச்சி. மேலே நமுனுகுல மலையைச் சுற்றிய தோட்டப் பாதைகளிலோ, ஊற்றைக் குழாயில் பிடித்து விழவிட்ட பீலிகள். லயத்துக்காரர்கள் குடிக்கவும் குளிக்கவும் நின்ற அதே பீலிதான் துரையின் காருக்கும் தண்ணீர் கொடுத்தது.

அன்றைய இஞ்சின் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓடைத் தண்ணீர் துருவைக் கிளப்பினாலும் தடித்த சுவரில் அது தெரிய வருஷங்கள் ஆகும். அடைத்துக்கொண்டால் ரேடியேட்டரின் மேல்தொட்டியைச் சூடாக்கிப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் பற்றவைத்து மூடிவிடலாம்.

பழக்கம் நிலைத்ததற்கு இன்னொரு காரணம், கார்கள் மாறாததுதான். 1948இல் வந்த மொரிஸ் மைனரிலும் முதலில் பம்ப் இல்லை. 1950இன் இறுதியில்தான் அது சேர்ந்தது. 1960களில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி இறுகியதும், இருந்த மொரிஸும் ஆஸ்டினும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தன. ஓட்டும் முறையும் கூடவே வந்தது: டிக்கியில் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஏற்றத்தின் பாதியில் ஓர் ஓய்வு. ‘சூட்டு நாட்டுக்கு எதற்கு’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் கராஜ் வழக்கமும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பானிய ரீகண்டிஷன் கார்கள் மலையேறின. வெளியில் பார்க்கக் கார்தான்; உள்ளே வேறு சாதி. இஞ்சின் தலை அலுமினியம், போகப் போக ரேடியேட்டரும் அலுமினியம், தொட்டிகள் பிளாஸ்டிக். மூடி ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் உள்ளே தண்ணீர் நூற்றிருபது பாகை வரை கொதிக்காது. கூலன்ட்டின் அடிப்படையான எத்திலீன் கிளைக்கோலை பிரெஞ்சு வேதியியலர் ஊர்ட்ஸ் 1850களிலேயே தயாரித்துவிட்டார். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கத்தான் அது காருக்குள் வந்தது. பதுளையில் எதுவும் உறையப்போவதில்லை. ஆகவே ‘இது வெள்ளைக்காரன் ஊருக்கு’ என்று ஒதுக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. கூலன்ட்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துதான் நமக்கு வேண்டியது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அலுமினியத்துக்குப் பீலித் தண்ணீர் மெதுவான விஷம்.

அந்த விஷத்தின் நிறங்களைத்தான் புதிதாகக் கார் வாங்கியவர் மூடியைத் திறந்ததும் பார்க்கிறார். செங்கல் நிறமென்றால் துரு. கொழகொழவென்று கூழாக இருந்தால், ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்ட் கலந்திருக்கலாம். பால்தேத்தண்ணி நிறமென்றால் எண்ணெய் கலந்திருக்கிறது. தேயிலை நாட்டில் இதற்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. எண்ணெய் வந்த வழி பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்: தண்ணீர் குறைந்து இஞ்சின் கொதித்து, அலுமினியத் தலை வளைந்து, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த மெல்லிய தகடு விட்டுக்கொடுத்திருக்கும். ஓட்டோ கியர் காரில் பால் இளஞ்சிவப்பாக இருந்தால் சந்தேகம் இடம் மாறும். ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே கியர் எண்ணெயை ஆற்றும் குழாய் இருக்கும் வகைகளில், அது உடைந்தால் இரண்டும் கலந்துவிடும்.

மலைநாட்டுக்கே உரிய ஒரு பொய்ச் சாட்சியும் உண்டு. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிந்திருப்பதைப் பார்த்ததும் ‘கேஸ்கட் போச்சு’ என்று தலையில் கைவைப்பவர்கள் ஏராளம். பனி விழும் காலையில் தோட்டத்திலிருந்து கடைத்தெருவரை இரண்டு மைல் ஓடி, இஞ்சின் முழுதும் சூடேறும் முன் நிறுத்தப்படும் காரில் ஈரம் எண்ணெயில் கலந்து இப்படிப் படிவது சாதாரணம். தெர்மோஸ்டாட் கழற்றப்பட்ட காரென்றால் இன்னும் அதிகம். பழைய வைத்தியம் புதிய நோயைப்போல் வேஷம் போடுகிறது. ஐயம் தீர வேறொரு வழி இருக்கிறது: ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் ஊடே இழுப்பார்கள். இஞ்சினின் எரிபுகை அதில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் கேஸ்கட்டோ இஞ்சின் தலையோ உடைந்திருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. நடுவில் பழைய கார்களின் விலை மலையேறியது. இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டியவைகூட பெயின்ட் பூசிக்கொண்டு இன்னொரு வீட்டு வாசலுக்கு வந்தன. வாங்கியவருக்கு அழுத்தம் பார்க்கும் கருவியும் நீலத் திரவமும் கைக்கெட்டாவிட்டால், கண்ணாடிப் போத்தல் ஒன்று முதல் சோதனைக்குப் போதும். இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் அதில் எடுத்து, பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் இரவு முழுக்க அசையாமல் வைக்க வேண்டும்; கிளைக்கோல் இனிக்கும், கொல்லவும் செய்யும். விடிந்ததும் அடியில் செந்தூள் படிந்திருந்தால் அது பீலிக்காரர் விட்டுப்போன துரு. பலமுறை கழுவினால் போகும். நடுவில் மேகம்போல் நின்றால் கூலன்ட் கலப்பு. அதற்கும் கழுவல்தான், ஆனால் ஹீட்டர் குழாய் வரை. மேலே எண்ணெய் மிதந்தாலோ, முழுப் போத்தலும் பால்தேத்தண்ணியாகவே நின்றாலோ, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு கராஜ் பாஸுக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான்.