சூப்பர் ஹீரோவின் இரண்டாம் வருகை: எது எடுபடுகிறது, எது சறுக்குகிறது?

2018 நவம்பர் 29ஆம் திகதி '2.0' வெளியானபோது மலையகத்தில் சம்பளப் போராட்டம் சூடுபிடித்திருந்தது. அன்று ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. அதை 1,000 ரூபாவாக்கக் கோரி டிசம்பர் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடப்படும் ஒரு வீட்டிலிருந்து நான்கு பேர் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், டிக்கட் எடுத்து, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொடுத்துத் திரும்பினால் ஒருநாள் சம்பளம் போதாது. முதல் படத்தைத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்தவர்கள், இரண்டாவதைப் பார்க்கக் காசு கொடுக்கும்போது எதை எதிர்பார்க்கிறார்கள்?

ஒரு தொடர் படத்தின் வெற்றியை இரண்டு விதமாக அளக்கலாம். ஒன்று வசூல். அந்தக் கணக்கில் '2.0' தோற்கவில்லை. தமிழில் அதுவரை வந்த படங்களில் அதிகம் செலவழித்தவற்றில் ஒன்று அது. பல நூறு கோடி இந்திய ரூபாவை வசூலித்தது. மற்றையது, ஆண்டுகள் கழிந்த பின்னும் மக்கள் எந்தக் காட்சியைப் பேசுகிறார்கள் என்பது. இதில் 2010இல் வந்த 'எந்திரன்' வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

கலைத்ததை மீண்டும் பொருத்தினால்

'எந்திரன்' முடிவில் நீதிமன்ற உத்தரவுப்படி ரோபோ சிட்டி தன் உடலைத் தானே ஒவ்வொரு பாகமாகக் கழற்றிவைக்கிறான். அத்தனை சண்டைகளையும் தாண்டி மனதில் நிற்பது அந்த அமைதியான காட்சிதான். '2.0' அவனை மீண்டும் பொருத்தி எழுப்புகிறது. நகரத்துக்கு ஆபத்து, ஆகவே சிட்டி தேவை. முதல் படத்தில் அவன் கொடுத்த விலை அத்தோடு செல்லாக்காசாகிறது. சனாவை நேசித்துத் தடுமாறிய சிட்டியின் மனமும் புதிய கதைக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. அவனுடைய பலம் கூடியிருக்கிறது. இழப்பதற்கு அவனிடம் எதுவும் இல்லை.

அந்தப் படத்தில் உண்மையாகவே எதையோ இழந்தவர் எதிரிதான். அக்‌ஷய் குமார் நடித்த பட்சிராஜன் பறவைகளுக்காக வாழ்ந்தவர். அவை அழிவதைத் தடுக்க முடியாமல் தொலைபேசிக் கோபுரத்தில் உயிரை விடுகிறார். அவருடைய பழைய கதை வரும் பகுதியே படத்தின் ஈரமான பகுதி.

வீட்டு வாடகை கட்டமுடியாத வீரன்

நன்றாக அமைந்த தொடர் படங்கள் வேறு வழியில் போகின்றன. 2002இல் வந்த முதல் 'ஸ்பைடர்மேன்' படத்தில் பீட்டர் போகவிட்ட திருடனால் அவனுடைய மாமா கொல்லப்படுகிறார். 2004இல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் குற்றவுணர்வை மறக்கவில்லை. பீட்டருக்கு பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பறிபோகிறது, வாடகை பாக்கி நிற்கிறது, சக்தியும் குறைகிறது. ஒருகட்டத்தில் உடையைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகிறான். மாமாவின் சாவில் தன் பங்கை அத்தையிடம் ஒப்புக்கொள்ளும் காட்சியில் சண்டையே இல்லை. ஆனால் படத்தின் கனமான இடம் அதுதான்.

2008இல் வந்த 'த டார்க் நைட்' படத்தில் ஜோக்கர் பேட்மேனின் உடல்பலத்தோடு மோதுவதில்லை. யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்ற முடிவுக்குள் அவனைத் தள்ளுகிறான். கடைசியில் பேட்மேன் செய்யாத கொலைகளின் பழியை ஏற்று ஓடுகிறான்.

அதே தவறு, இன்னொரு முறை

ஷங்கர் 2024 ஜூலையில் 'இந்தியன் 2' படத்தோடு வந்தார். '2.0' போலவே இதிலும் லைக்கா நிறுவனத்துக்குப் பங்குண்டு. சேனாபதி சூப்பர் ஹீரோ இல்லை என்றாலும் வயதை மீறிய பலமுள்ளவர். 1996இல் அவர் லஞ்சத்தால் மகளை இழந்தார். லஞ்சம் வாங்கிய மகனைத் தன் கையாலேயே கொன்றார். இரண்டாம் பாகத்தில் வீட்டுக்குள் இருக்கும் ஊழலைக் காட்டிக்கொடுக்கச் சொல்பவர் அவர். அதன் விலையைக் கொடுப்பவர்கள் இளைஞர்கள். அவருக்குச் சொந்தமாக நட்டம் எதுவும் இல்லை. விமர்சனத்திலும் வசூலிலும் படம் சறுக்கியது.

பார்க்கப் போகுமுன் மூன்று கேள்விகள்

முதல் படத்தின் இழப்பு இரண்டாவதிலும் கணக்கில் இருக்கிறதா? புதிய எதிரி நாயகனின் எந்தப் பலவீனத்தைத் தொடுகிறான்? இந்த முறை நாயகன் எதைக் கொடுக்கிறான்? மூன்றுக்கும் பதில் இருந்தால் வரைகலை கொஞ்சம் குறைந்தாலும் படம் நிற்கும்.

நம் வாசகர்களுக்கு இதில் தனிப்பட்ட காரணமும் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், பின்னர் போருக்குள்ளும் அகப்பட்ட குடும்பங்களின் உறவுகள் இன்றும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிறார்கள். போனவரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்திவிடலாம் என்று சொல்லும் கதை அவர்களிடம் அதிக நேரம் நிற்காது. இழந்த பிறகும் மறுநாள் எழுந்து வேலைக்குப் போகும் ஒருவனின் கதையை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.