பூட்டிய வாசலும் திறந்த கொல்லையும்

இக்குவானா என்னும் வெளிநாட்டுப் பல்லியையும் மலைப்பாம்பையும் வீட்டில் வளர்ப்பது நேற்று முளைத்த நகரத்து மோகம் என்றும், நம் கிராமங்கள் அப்படி இருந்ததில்லை என்றும் பலர் பேசுகிறார்கள். ஜேடர்பாளையம் போன்ற காவிரிக் கரை ஊர்களிலிருந்து பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. காட்டு உயிரைப் பிடித்து வீட்டில் வைப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய வழக்கம். பட்டுப்போன பனையின் பொந்தில் கைவிட்டுக் கிளிக்குஞ்சை எடுப்பார்கள். இறக்கையை நறுக்கிக் கூண்டிலிட்டு, கோவைப்பழமும் மிளகாயும் கொடுத்துப் பேசப் பழக்குவார்கள். கிளி ஜோசியக்காரரின் பிழைப்பே அந்தக் கூண்டை நம்பித்தான் இருந்தது. பொந்திலிருந்து எடுத்த குஞ்சுகளில் எத்தனை பிழைத்தன என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. ஆகவே மாறியது வளர்க்கும் ஆசை அல்ல, வளர்க்கப்படும் உயிர்தான். அந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம் 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்பது என் வாதம்.

அந்தச் சட்டம் எதைத் தடுத்தது என்பதை உடும்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். வயல் வரப்பிலும் கரையோரப் புதரிலும் திரிந்த உடும்பைக் கறிக்காகவும் தோலுக்காகவும் பிடித்தார்கள். பலாமர வளையத்தில் உடும்புத் தோலை இழுத்து ஒட்டினால் கஞ்சிரா என்ற தாளவாத்தியம். இன்று உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான பாதுகாப்போடு இருக்கிறது; கஞ்சிராவுக்கு ஆட்டுத்தோல் வந்துவிட்டது. பாம்புத் தோல் ஏற்றுமதி 1976இல் நின்றதும், பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களுக்காக 1978இல் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோலுக்குப் பதில் நஞ்சு எடுத்து விற்கும் தொழில் பிறந்தது. 1990-91 வாக்கில் உள்நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் தடையாயின. கிளி, மைனா, நட்சத்திர ஆமை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூண்டைவிட்டுச் சட்டத்தின் காவலுக்குப் போயின. இது நல்ல காரியம். இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த அட்டவணைகள் இந்திய உயிரினங்களையே கருத்தில் கொண்டு எழுதப்பட்டவை. வெளிநாட்டு விலங்கை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். சுங்கச் சட்டமும் உண்டு. அவற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், வைத்திருப்பவரை யாரும் கேள்வி கேட்க வழியிருக்கவில்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட நிலை. பச்சைக்கிளியை விற்றால் வனத்துறை வழக்கு வரும். லவ் பேர்ட்ஸை விற்றால் வராது. சென்னையின் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் கூண்டுகள் எந்தப் பறவையால் நிரம்பும் என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானித்தது. பறவைகளுக்குப் பின்னால் இக்குவானாவும் பால் பைதான் (ball python) என்னும் மலைப்பாம்பும் வந்தன. கையில் காசு புழங்கியதும் கைபேசியில் படம் பார்த்ததும்தானே காரணம் என்று கேட்கலாம். ஆசையைப் பெருக்கியவை அவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆசை ஏன் உடும்பின் பக்கம் போகாமல் அதே சாயலுள்ள இக்குவானாவின் பக்கம் போனது என்பதற்குக் காசும் கைபேசியும் பதில் சொல்லாது. 2020 ஜூனில் மத்திய அரசு, தாம் வளர்க்கும் வெளிநாட்டு உயிர்களை ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து அறிவிப்பவர்களிடம் ஆவணம் கேட்கமாட்டோம் என்றது. 30,000-க்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். அதற்கு முன் அரசிடம் இவர்களைப் பற்றி முறையான பதிவேடு எதுவும் கிடையாது. மன்னிப்புக் கிடைத்த பிறகும் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்குவோரின் பெட்டிகளில் பாம்பும் பல்லியும் குரங்கும் பிடிபடுவது நிற்கவில்லை.

2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024இல் வந்தன. பண்ணையில் பிறந்து கூண்டிலேயே சாகப்போகும் உயிருக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு, அதனால் நம் காட்டுக்கு என்ன நஷ்டம் என்று வளர்ப்போர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலைக் காவிரியில் தேட வேண்டும். ஜேடர்பாளையம் அணைக்கட்டுப் பக்கத்துக் கடைகளில் மசாலா தடவி வறுபடும் ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952இல் இலங்கை வழியாக மண்டபம் என்ற ஊருக்கு வந்து, நல்லெண்ணத்தோடு குளங்களில் விடப்பட்டது. இன்று நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் அது இல்லாத இடம் அரிது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000இல் தடை வந்தது. அதற்குள் அது பண்ணைகளைவிட்டு வெளியேறியிருந்தது. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கும் டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். விரல் நீளத்தில் வரும் அது முழங்கை அளவுக்கு வளர்ந்ததும் தொட்டி போதாமல், கொல்ல மனம் வராமல், பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது மண் கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது. வலையில் சிக்கினால் முள்துடுப்பால் வலையைக் கிழிக்கிறது. சந்தையில் அதற்கு விலையும் இல்லை.

2022 திருத்தம் கொல்லைக் கதவைச் சாத்தியது உண்மைதான், ஆனால் பாதிதான் சாத்தியது. சைட்டிஸ் பட்டியல், எந்த உயிர் வணிகத்தால் அழிகிறது என்று பார்த்து எழுதப்பட்டது. புதிய ஊரில் போய் எந்த உயிர் பெருகி அழிக்கும் என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. அதனால் வெளியே விட்டால் பிழைப்பதே கடினமான பால் பைதானுக்குப் பதிவு உண்டு; எங்கே விட்டாலும் பெருகும் டேங்க் கிளீனருக்குக் கிடையாது. ராஜவாய்க்கால் பாசனத்தை நம்பி வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் வைத்திருக்கும் ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் பகுதிக்குத் தேவைப்படுவது இரண்டாவது வகைப் பட்டியல். அது இந்த ஆற்றையும் இதன் மீனையும் பார்த்து இங்கேயே எழுதப்பட வேண்டும். அதுவரை, சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் பாலித்தீன் பையில் கட்டித் தரப்படும் டேங்க் கிளீனர் குஞ்சை வாங்கிப்போக எந்தப் பதிவும் தேவையில்லை.