பழுதுபார்ப்பவரின் வரலாறு: ஊர்க் கைப்பம்பு முதல் சூரியசக்திப் பம்பு வரை

கிராமங்களுக்குச் சூரிய மின்சாரம் வந்த கதையைப் பெரும்பாலும் விலை வீழ்ச்சியின் கதையாகவே சொல்கிறார்கள். 1977 வாக்கில் ஒரு வாட் சூரிய மின்கலத்தின் விலை ஏறத்தாழ 76 டாலர். இன்று அது ஒரு டாலரில் சிறு பகுதிதான். விலை இறங்கியது, ஆகவே ஊருக்கு வந்தது என்பது அந்த வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் இந்தியக் கிராமக் குடிநீரின் கடந்த அறுபது ஆண்டு வரலாற்றை அருகில் வைத்துப் படித்தால் வேறொன்றும் புலப்படுகிறது. பொருள் மலிவாக ஊருக்குள் வந்த பிறகும் தண்ணீர் வராமல் போன காலங்கள் உண்டு. அதே பொருள், அதே விலையில், தண்ணீர் வந்துகொண்டே இருந்த ஊர்களும் உண்டு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார், அவருக்குக் கூலி யார் தருவார் என்ற ஏற்பாட்டில் இருந்தது. அந்த ஏற்பாடு எப்படி உருவாகி, கைப்பம்பிலிருந்து சூரியத் தகடு வரை எப்படித் தொடர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1966–67இல் பீகாரைத் தாக்கிய கடும் வறட்சி ஒரு திருப்பம். தக்காணத்திலும் மத்திய இந்தியாவிலும் நிலத்தடியில் இருப்பது கடும்பாறை. மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு தோண்டிய திறந்த கிணறுகள் ஓர் ஆழத்துக்கு மேல் இறங்க முடியாது. மழை பொய்த்தால் முதலில் வற்றுவதும் அவைதாம். அந்த வறட்சியை ஒட்டி யூனிசெஃப் கொண்டுவந்த காற்றழுத்தத் துளையிடும் எந்திரங்கள் அந்தப் பாறையைக் குறுகிய நேரத்தில் குடைந்தன. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. துளையின் வாயில் பொருத்தப்பட்டதோ வார்ப்பிரும்புக் கைப்பம்பு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணை வீட்டார் நாளுக்குச் சில வாளிகள் இறைத்துக்கொள்வதற்கென உருவான வடிவத்தின் நகல் அது. இங்கே விடியற்காலை முதல் இருட்டும்வரை ஓர் ஊரே அதை அடித்தது. கைப்பிடி முறிந்தது, இணைப்பு ஊசிகள் தேய்ந்தன, தோல் வாஷர் கிழிந்தது. 1974இல் யூனிசெஃப் கணக்கெடுத்தபோது முக்கால்வாசிப் பம்புகள் வேலை செய்யாமல் நின்றிருந்தன. குடைவதற்குச் செலவான பணம் பாறைக்குள்ளேயே கிடந்தது.

அப்போது மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் தொண்டு அமைப்புகளின் பட்டறைகள் வேறு விதமான பம்புகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தன. வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகு. பல இணைப்புகளுக்குப் பதில் ஒரே அச்சு. கைப்பிடியையும் உள்ளே இறங்கும் கம்பியையும் ஒரு சங்கிலி இணைத்தது. கைப்பிடி வளைவாக ஏறி இறங்கினாலும் கம்பி நேர்கோட்டில் மட்டும் இயங்கியதால் தேய்மானம் பெருமளவு குறைந்தது. சோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாகக் கொண்டு இந்திய அரசும் யூனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியதே ‘இந்தியா மார்க் 2’. எழுபதுகளின் பிற்பாதியில் அதன் முன்மாதிரிகள் கோயம்புத்தூர் வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளில் பொருத்திச் சோதிக்கப்பட்டன. சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ரடாஸ் என்னும் அரசு நிறுவனம் அதைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது. 1979இல் இந்தியத் தர நிர்ணயம் வந்தது. வடிவமைப்புக்குக் காப்புரிமை வைத்துக்கொள்ளவில்லை. தரத்துக்கு உட்பட்டு எந்தப் பட்டறையும் செய்யலாம். இந்தக் கடைசி முடிவுக்கு வரலாற்றில் போதிய மதிப்பு தரப்படவில்லை என்பது என் எண்ணம். உதிரிப் பாகம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் கிடைத்தது அதனால்தான். நம்மூரில் ‘அடிபம்பு’ என்றதும் கண்முன் வரும் அந்தச் சதுரத் தலையும் நீண்ட கைப்பிடியும் ஆப்பிரிக்கா வரைக்கும் போனதும் அதனால்தான்.

ஆனால் நல்ல பம்பும் ஒருநாள் பழுதாகும். அதற்கான ஏற்பாடு தமிழ்நாட்டில் பிறந்தது. 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் யூனிசெஃபும் சேர்ந்து எழுபதுகளின் நடுவில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறையை வகுத்தன. ஊரில் ஒரு காப்பாளர்: பம்படியைச் சுத்தமாக வைத்திருந்து, சங்கிலிக்கு கிரீஸ் வைத்து, நட்டு போல்ட்டை இறுக்கி, பழுதானால் அஞ்சலட்டையில் தகவல் எழுதுபவர். ஒன்றியத்தில் ஒரு பிட்டர்: நிலத்துக்கு மேலே உள்ள பழுதைச் சரிசெய்பவர். மாவட்டத்தில் லாரியும் குழாய் தூக்கும் கருவிகளும் கொண்ட ஒரு நடமாடும் குழு: உள்ளே இறங்கிய குழாயையும் உருளையையும் வெளியே எடுக்க வல்லது. பிற மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

முறையின் குறை மூன்றாம் அடுக்கில் இருந்தது. உருளைக்குள் இருக்கும் சிறு தோல் வாஷர் தேய்ந்தால்கூட முழுக் குழாயையும் உருவ வேண்டும்; அதற்கு லாரி வர வேண்டும். லாரி எங்கோ ஒரு மூலையில் நிற்க, ஊர் மக்கள் வாரக்கணக்கில் பழைய குளத்துக்கே திரும்பினார்கள். எண்பதுகளில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆதரித்த ஆய்வு மறுபடியும் கோவை மாவட்டத்தில் நடந்தது. எந்தப் பாகம் எத்தனை நாளில் தேய்கிறது, அதை மாற்ற எத்தனை பேர், எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பம்பு பம்பாகக் குறித்தார்கள். அதன் விளைவு ‘மார்க் 3’. இதில் குழாயை அசைக்காமலே உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் மேலே எடுத்துவிடலாம். அதற்காகக் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. தொடக்கச் செலவு கூடியது. பழுதுபார்ப்பவரின் கையை எளிதாக்குவதற்காகவே பொருளை விலை கூட்டிச் செய்த முடிவு அது. தென் ராஜஸ்தானின் பழங்குடி மாவட்டங்களில் நரம்புச்சிலந்தி ஒழிப்புத் திட்டத்தின் பகுதியாகப் பெண்களே கைப்பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றார்கள். படிக்கட்டுக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டதால் பரவிய அந்த நோய் இந்தியாவில் கடைசியாக 1996இல் காணப்பட்டது. 2000இல் நாடு நோயற்றதென அறிவிக்கப்பட்டது. இந்த வெற்றியில் மருந்துக்குப் பங்கில்லை, ஏனெனில் மருந்தே கிடையாது. வடிகட்டும் துணியும், விழிப்புணர்வும், நிற்காமல் ஓடிய பம்புகளுமே அதைச் செய்தன.

சூரியசக்தியின் கதை இதற்கு இணையாக மாலி நாட்டில் தொடங்குகிறது. எழுபதுகளின் வறட்சியில் அங்கே கிணறு வெட்டும் பணியை நடத்திவந்த பெர்னார் வெர்ஸ்பிரன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ‘மாலி அக்வா விவா’ என்ற அமைப்பின் வழியாக 1977இல் நபாசோ என்ற ஊரில் சூரியப் பம்பை நிறுவினார். ஒரு வாட் 76 டாலருக்கு விற்ற காலம் அது. விலையை மட்டும் பார்த்தால் அது நடந்திருக்கவே கூடாது. அவர் கவனித்தது வேறு: கைப்பம்பு உடைகிறது, டீசல் வருவதில்லை, தகடு மட்டும் அசையாமல் நின்று வேலை செய்கிறது. ஊராரும் செலவில் பங்கேற்க வேண்டும் என்றும், பராமரிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வட்டாரத்திலேயே இருக்க வேண்டும் என்றும் அவர் பிடிவாதமாக இருந்தார்.

இந்தியாவிலும் அதே காலத்தில் சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் சூரிய மின்கலம் செய்யத் தொடங்கியது. 1982இல் மரபுசாரா ஆற்றலுக்குத் தனித் துறை வந்தது, 1992இல் அது அமைச்சகமானது. திட்டங்கள் பல. அவற்றின் வெற்றி பெரும்பாலும் எத்தனை விளக்கு கொடுத்தோம், எத்தனை பம்பு நட்டோம் என்ற எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. தகடு இருபது ஆண்டு தாங்கும். பேட்டரி சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. அதற்கான பணத்தையும் ஆளையும் பல திட்டங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கைப்பம்பில் கற்ற பாடம் வேறொரு துறையின் கோப்பில் இருந்தது.

அதை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 1972இல் பங்கர் ராய் ராஜஸ்தானின் திலோனியாவில் தொடங்கிய அமைப்பு, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களைச் சூரிய மின் பொறியாளர்களாக்கியது. 1995இல் ஹரிஷ் ஹண்டே பெங்களூரில் தொடங்கிய செல்கோ, கிராம வங்கிகளிடம் கடன் பெற்றுத்தந்து விளக்குகளை விற்றது. விற்ற ஊருக்கு அருகிலேயே சேவை மையமும் வைத்தது. தவணை, வாடிக்கையாளரின் கைக்குப் பணம் வரும் முறைக்கு ஏற்ப அமைந்தது.

என் பார்வையில் மிகக் கூர்ந்து படிக்கத்தக்கது சத்தீஸ்கரின் அனுபவம். மின்கம்பி எட்டாத காட்டு ஊர்களில் சூரிய மின்நிலையங்களை நிறுவிய அம்மாநிலத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை, பராமரிப்பை மூன்று அடுக்காக அமைத்தது. ஊரில் ஓர் இயக்குநர்: தகட்டைத் துடைப்பார், பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவார். சுமார் பத்துப் பதினைந்து ஊர்களுக்கு ஒரு தொழில்நுட்பர். அதற்கு மேல் மாவட்ட அளவில் மேற்பார்வை. வீட்டுக்கு மாதம் 5 ரூபாய் மக்கள் கொடுத்தார்கள், 25 ரூபாய் அரசு சேர்த்தது. தமிழ்நாட்டு அடிபம்புக் காப்பாளர்–பிட்டர்–நடமாடும் குழுவிலிருந்து இது நேராக எடுக்கப்பட்டது என்று நான் வாதிடவில்லை. சிதறிக் கிடக்கும் சிறு எந்திரங்களைத் தொலைதூர ஊர்களில் ஓடவைக்க முனைந்த இரண்டு துறைகள் ஒரே வடிவத்தை வந்தடைந்தன என்பதே குறிக்கத்தக்கது.

இரண்டு வரலாறுகளும் நேரில் சந்தித்த பொருள் ‘இரட்டைப் பம்பு’. மகாராஷ்டிரத்தில் தொடங்கி மத்திய இந்தியப் பழங்குடிப் பகுதிகளுக்குப் பரவிய அமைப்பு இது. ஒரே ஆழ்துளைக் கிணற்றில் கைப்பம்பின் உருளைக்குக் கீழே சூரியசக்தியில் ஓடும் சிறு நீர்மூழ்கி மோட்டார் இறங்குகிறது. பகலில் அது 5,000 லிட்டர் தொட்டியை நிரப்ப, தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. மேகமூட்டமோ மோட்டார் பழுதோ என்றால் பழைய அடிபம்பு அப்படியே இருக்கிறது. பேட்டரி கிடையாது, மின்சாரத்துக்குப் பதில் தண்ணீரைச் சேமிக்கிறார்கள். பழுதை விதிவிலக்காக எண்ணாமல், அது வரத்தான் போகிறது என்று ஏற்றுக்கொண்டு செய்த வடிவமைப்பு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு.

பழுதுபார்த்தலே எல்லாமும் அல்ல. ஆழத்திலிருந்து வந்த நீர் கிருமியிலிருந்து காத்தது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் அதே பாறைநீர் ஃபுளோரைடைக் கொண்டுவந்தது. பல்லில் கறையாகத் தொடங்கி எலும்புவரை போகும் அந்தத் துயரத்துக்கு எந்தப் பிட்டராலும் வழி செய்ய முடியாது. ஒகேனக்கலில் இருந்து காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவர வேண்டியிருந்தது. வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகள் ஆர்சனிக்கைக் கொண்டுவந்தன. பாசனத்துக்கான சூரியப் பம்பில் இன்னொரு கவலையும் இருக்கிறது: ஓட்டச் செலவே இல்லாத மோட்டார் நிலத்தடி நீரை இறைப்பதை எப்போது நிறுத்தும்?

செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி ஒரு விடை தந்தது. 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில் குடிநீர்த் திட்டம் விரிந்தது. கூடவே நீர் இறைக்கும் மின்கட்டணமும் பெருகி ஊராட்சியின் கழுத்தை இறுக்கியது. சூரியத் தெருவிளக்கு, விறகு எரிவாயு இயந்திரம் என்று முயன்ற பின், 2006இல் வங்கிக் கடனும் ஊராட்சிச் சேமிப்பும் கொண்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. உபரி மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. தண்ணீரை ஓடவைக்கும் பணத்தை ஊரே ஈட்டியது என்பதில்தான் அதன் அருமை.

2019இல் இரண்டு பெரிய திட்டங்கள் வந்தன. ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் குழாய் வழியே ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. பி.எம். குசும் திட்டம் சூரியப் பம்புகளுக்கு மானியம் தருகிறது. அதில் ஐந்தாண்டுப் பராமரிப்பு, பம்பை நிறுவிய நிறுவனத்தின் பொறுப்பு. கைப்பம்பின் ஆவணங்களோடு இவற்றை ஒப்பிடுபவர் உற்றுப் பார்க்க வேண்டியது ஆறாம் ஆண்டை: கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்துபோனால் ஒன்றியத்தில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, மாற்றுப் பெட்டி எந்த நிறுவனத்தின் பம்புக்கும் பொருந்துமா, அவர் கூலிக்கு ஊராட்சி வரவுசெலவில் ஒரு வரி இருக்கிறதா.