ஆறக்கூடாத இரணம்: கண்ணழுத்தச் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1867இல் வெளிவந்த தமது சத்திரசிகிச்சை நூலுக்கு 'இரணவைத்தியம்' எனப் பெயரிட்டார். இரணத்தை ஆற்றுதலே சத்திர வைத்தியரின் தொழில் என்னும் கருத்து அப்பெயரிலே பொதிந்துள்ளது. ஆயின், வைத்தியர் தாமே உண்டாக்கிய காயம் முற்றாக ஆறிவிடாது காக்கவேண்டிய சத்திரசிகிச்சை ஒன்றும் உண்டு. குளோக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய்க்குச் செய்யப்படுவது அது. கலைப்பீட மாணவன் ஒருவன் இப்பொருளை எடுத்துக்கொண்டதன் காரணம் பின்னர்ப் புலப்படும்.

கண்ணினுள்ளே இடையறாது சுரக்கும் நீர் வெளியேறும் வழி தடைப்படின் அழுத்தம் உயரும். பார்வை நரம்பு சிறிது சிறிதாக மாளும். மாண்ட நரம்பு மீள்வதில்லை. 1857இல் பேர்லின் வைத்தியர் அல்பிறெக்ற் வொன் கிறேவ, கதிராளியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இந்நோயைத் தணிக்கலாம் எனக் காட்டினார். திடீரெனத் தாக்கும் வகைக்கு அது பயன்பட்டது; நோவின்றி ஆண்டுக்கணக்கில் ஊர்ந்துவரும் வகைக்கு உதவவில்லை. எனவே, நீருக்குப் புதுவழி வெட்டும் முயற்சிகள் தோன்றின.

அம்முயற்சிகளுள் தலையாய ஒன்று தமிழ் மண்ணில் நிகழ்ந்தது என்பதை நம்மவர் அதிகம் அறியார். 1819இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசினர் கண் மருத்துவமனையில் 1904 முதல் 1914 வரை அத்தியட்சகராக இருந்தவர் றொபேட் ஹென்றி எலியட். (இந்தியக் கயிற்று வித்தையைப் பொய்யென நிறுவப் பிற்காலத்தில் முனைந்து நின்றவரும் இவரே.) 1909இல் அவர் வெளியிட்ட முறை எளிமையானது. கண்ணின் வெள்ளைக் கோதைப் போர்த்துள்ள மெல்லிய சவ்வை மடலாக உயர்த்தி, கருவிழியின் ஓரத்தில் வட்டக்கத்தியால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் அகலத் துளையிட்டு, சவ்வை மீண்டும் அதன்மேற் படியவிடுதலே அது. நீர் துளைவழி கசிந்து சவ்வின்கீழ்ச் சிறு கொப்புளமாய்த் தங்கி உறிஞ்சப்படும். இம்முறை விரைவிலே உலகெங்கும் பரவிற்று.

துளைக்கும் வெளியுலகுக்கும் இடையே அம்மெல்லிய சவ்வு ஒன்றே காவல் என்பதுதான் இதன் குறை. தொடக்கத்தில் நீர் மிகுதியாய் வடிந்து கண் தளர்ந்துபோகும். ஆண்டுகள் பல கடந்தபின்னரும் மெலிந்த கொப்புளத்தின் வழியே கிருமி புகுந்து கண்ணையே அழித்துவிடுவதுண்டு.

1968இல் கேம்பிரிட்ஜில் கெயான்ஸ் என்பவர் இக்குறைக்குப் பரிகாரம் கண்டார். அவர் கோதின் பாதித் தடிப்பை மடலாக உரித்து, அதன் அடியில் துளையிட்டு, மடலைத் தைத்து மூடினார். அடைபட்ட இயற்கை வாய்க்காலைத் திறந்துவிட்டதாகவே அவர் எண்ணினார். நீர் உண்மையில் மடலின் விளிம்புகளில் கசிந்தே வெளியேறியது என்பது பின்னர் தெளிவாயிற்று. தாம் கருதிய காரணத்தால் அன்றி வேறொன்றால் வெற்றி பெற்றவர்கள் விஞ்ஞான வரலாற்றிற் பலர்.

இதன்பின் தையலே முதன்மை பெற்றது. மேற்சவ்வை எங்கே வெட்டி எவ்வாறு மூடுவது என்பதில் இரு கட்சிகள் எழுந்தன. ஒரு சாரார் கருவிழிக்கு வெகு பின்னே வெட்டித் தொடர்தையலிட்டனர். இதிற் காயம் துளைக்குத் தொலைவில் இருப்பதால் ஒழுக்குக் குறைவு. ஆயினும் தழும்பு வரம்பு கட்டியதுபோல் நீரைத் தடுத்துவிடும். மற்றோர் கருவிழியின் ஓரத்திலேயே வெட்டினர். வேலை இலகு, நீர் பின்னோக்கிப் பரந்து செல்லும். எனினும் விளிம்பை இறுகத் தைக்காவிடின் முதல் நாட்களில் ஒழுகும். அழுத்தத்தைக் குறைப்பதில் இரண்டுக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லையென்பதே ஒப்பாய்வுகள் காட்டுவது. எனவே, இவ்விவாதத்திலும் உள்மடலின் தையலே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலைமயிரிலும் மெல்லிய நைலோன் நூலால் அதை முதலில் இறுக்கித் தைத்து, பின்னர் வேண்டியபோது தளர்த்தும் முறை 1980களில் வளர்ந்தது. லேசர்க் கதிரால் நூலை வெட்டுவர். அல்லது இழுத்தெடுக்கத்தக்க முடிச்சிடுவர். காயம் இறுகுமுன், பெரும்பாலும் முதற்சில வாரங்களுள், இதனைச் செய்தல்வேண்டும்.

அந்தச் சில வாரங்கள்தாம் என்னை இப்பொருளுக்குக் கொணர்ந்தன. 1960களில் இளைஞர் குடியேற்றத் திட்டம் வந்த விசுவமடுவிலே மிளகாய்த் தோட்டம் செய்து வாழ்ந்தவர் என் அப்பாச்சி. இடம்பெயர்ந்து அலைந்த 2009இல் வலக்கண் மங்கியதை வயதின் குறையென்றே அனைவரும் எண்ணினோம். இடக்கண்ணுக்குப் பின்னர் ஒரு மருத்துவமனையிற் சத்திரசிகிச்சை நடந்தது. மறுமுறை வரவேண்டிய திகதியை அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தனர். ஏன் வரவேண்டும் என எவரும் சொல்லவில்லை. பரந்தன் சந்தியிற் பஸ் மாறிச் செல்லவேண்டிய பயணம், மழைக்காலம் வேறு. "புண் நல்லா ஆறீட்டுது மோனை, இனி என்னத்துக்கு அங்க போவான்" என்றார் அப்பாச்சி. புண் ஆறியதுதான் பிழையென்று எங்களுள் ஒருவருக்கும் தெரியாது. இரு மாதங்கள் கழித்துச் சென்றபோது மடல் ஒட்டி, அழுத்தம் பழையபடி உயர்ந்திருந்தது.

எலியட்டின் துளைக்கு மறுவருகை இத்துணை இன்றியமையாததாய் இருக்கவில்லை. அதன் ஆபத்து காலந்தாழ்த்தி வருவது. தளர்த்தும் தையல் அவ்வாபத்தைக் குறைத்தது. ஆனால் நோயாளி குறித்த நாளில் திரும்பி வருவார் என்னும் எதிர்பார்ப்பையும் தன்னுள் கொண்டது. கிறீன் தம் மாணவருக்குத் தமிழிற் கற்பித்ததன் பொருளை அந்த அட்டையைக் கண்டபின்னரே நான் உணர்ந்தேன். அப்பாச்சி இன்று இரவுதோறும் சொட்டு மருந்து விடுகிறார். அட்டையின் பின்புறத்திலே திகதிகளை நான் தமிழில் எழுதிவைத்திருக்கிறேன்.