செயலிப் பிணைப்பு (மெய்நிகர் கணினிகளில்)

செயலிப் பிணைப்பு என்பது, ஓர் இழை எந்தெந்தச் செயலிகளில் மட்டும் ஓடலாம் என்று இயங்குதளத்துக்கு வரையறுத்துச் சொல்லும் ஏற்பாடு. கேவிஎம், சென், விஎம்வேர் போன்ற மெய்நிகராக்க மென்பொருள்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சர்வர் பராமரிப்பவர்கள் பேச்சில் இதைப் பின்னிங் என்பார்கள்.

அடிப்படை

மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இழைக்குச் செயலி நேரம் இரண்டு இடங்களில் பங்கிடப்படுகிறது. உள்ளே இருக்கும் கெஸ்ட் இயங்குதளம், தன் கண்ணுக்குத் தெரியும் மெய்நிகர் செயலி ஒன்றில் அதை ஏற்றுகிறது. வெளியே இருக்கும் ஹோஸ்டுக்கோ அந்த மெய்நிகர் செயலியே இன்னொரு சாதாரண இழைதான். செயலி நேரத்தைப் பங்கிடும் ஹோஸ்டின் ஷெட்யூலர் அதை எந்தக் கோரில் வேண்டுமானாலும் ஓட்டும். அடுத்த சில மில்லிநொடிகளில் வேறு கோருக்கு மாற்றவும் செய்யும். கெஸ்டுக்குள் இருந்தபடி லினக்ஸின் டாஸ்க்செட் கட்டளையால் ஒரு நிரலை இரண்டாம் செயலியில் இருத்தினால், அது இருத்தப்படுவது மெய்நிகர் செயலியில் மட்டுமே. கீழே அந்தச் செயலி அலைந்துகொண்டே இருக்கும். இந்தத் துறைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கோர் மாறும்போது, பழைய கோரின் கேஷ் நினைவகத்தில் சேர்த்துவைத்த தரவு இழைக்குக் கைக்கெட்டாமல் போகிறது. புதிய கோரில் அதை மறுபடி, கோர்கள் பகிரும் கேஷிலிருந்தோ ராமிலிருந்தோ இழுக்க வேண்டும். இரண்டு சாக்கெட் கொண்ட சர்வரில் இழப்பு இன்னும் பெரிது. நூமா அமைப்பில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் தனக்கென ராம் இருக்கிறது. இழை ஒரு சாக்கெட்டிலும் அதன் தரவு மறு சாக்கெட்டின் ராமிலும் இருந்துவிட்டால் ஒவ்வொரு வாசிப்பும் தாமதப்படும்.

இந்த இழப்புகளைத் தவிர்க்க இழைக்கு விதிக்கும் செயலி வரம்பு ஒரு பிட் வரிசையாகக் குறிக்கப்படுகிறது. 5 என்ற எண் இரும முறையில் 101. அதாவது 0, 2 என்ற எண்ணுள்ள செயலிகளுக்கு மட்டும் அனுமதி. 64 பிட் விண்டோஸில் இந்த வரிசை 64 பிட் அளவுடையது. அதற்கு மேல் செயலிகள் வந்தபோது, விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 பதிப்புகளில் செயலிக் குழுக்கள் என்ற தனி அடுக்கைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

தோற்றமும் வளர்ச்சியும்

ஒரே நினைவகத்தைப் பல செயலிகள் பகிரும் கணினிகள் 1980களில் பரவியபோது, இழையை ஒரே செயலியில் இருத்துவதால் பலன் உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதை முதலில் ஆழமாக ஆராய்ந்ததில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கிருந்து இரண்டு எதிரெதிர் முடிவுகள் வந்தன. இழையை அதன் தரவு ஏற்கெனவே இருக்கும் செயலிக்கே திருப்பி அனுப்புவது நல்ல பலன் தரும் என்று மார்க் ஸ்குவிலாண்டியும் எட்வர்டு லாசோவ்ஸ்காவும் காட்டினார்கள். அவர்களது கட்டுரை 1993இல் வெளியானது. அதற்கு முன்பே, 1991இல், ராஜ் வாஸ்வானியும் ஜான் ஜாகோர்ஜனும் செயலிகளை நிரல்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் முறையில் இந்தப் பலன் சொற்பமே என்று எழுதியிருந்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் செயலியின் வேகம் நினைவகத்தின் வேகத்தைவிடப் பல மடங்கு முந்திச் சென்றது. அதனால் நிலைத்து நின்றது ஸ்குவிலாண்டியின் தரப்பு.

மெய்நிகர் கணினிக்கு இந்தச் சிந்தனையைக் கொண்டுவந்தது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான டிஸ்கோ. எட்வார்ட் பூனியன், ஸ்காட் டெவின், மெண்டல் ரோசன்புளூம் ஆகியோர் 1997இல் அதை வெளியிட்டார்கள். நூமா வகைக் கணினியில் எஸ்ஜிஐ நிறுவனத்தின் ஐரிக்ஸ் இயங்குதளத்தைப் பல படிகளாக ஓட்டுவது அதன் நோக்கம். மெய்நிகர் செயலியை அதன் தரவுக்கு அருகில் வைப்பது, முடியாதபோது நினைவகப் பக்கங்களைச் செயலியின் பக்கம் நகர்த்துவது என்ற இரண்டையும் அது செய்தது. அடுத்த ஆண்டு இதே மூவரும் வேறு இருவருடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் விஎம்வேர்.

லினக்ஸின் கதை வேறு. 2.4 கெர்னலில் எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து, காத்திருக்கும் இழைகளின் ஒரே வரிசை. கடைசியாக ஓடிய செயலியிலேயே திரும்ப ஓடுவதற்கு ஒரு சிறு சலுகை மதிப்பெண் உண்டு, அவ்வளவுதான். வேலைப்பளு கூடியபோது இழைகள் செயலிக்குச் செயலி தாவின. 2002இல் இங்கோ மோல்னார் ஒவ்வொரு செயலிக்கும் தனி வரிசை வைத்து ஷெட்யூலரைத் திருத்தி எழுதினார். அதே ஆண்டில் ராபர்ட் லவ் எழுதிய பிணைப்புக்கான கெர்னல் அழைப்புகள் 2.5.8 பதிப்பில் இடம்பெற்றன. டாஸ்க்செட் கட்டளையும் அவர் கைவண்ணமே. செயலிகளையும் நினைவகத்தையும் சேர்த்துப் பிரிக்கும் சிபியுசெட் வசதி 2005இல் 2.6.12 பதிப்பில் வந்தது.

2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பில் கேவிஎம் சேர்ந்தபோது இந்த உழைப்பெல்லாம் மெய்நிகர் கணினிக்கு இலவசமாகக் கிடைத்தது. கேவிஎம்மை எழுதிய அவி கிவிட்டியின் வடிவமைப்பில் ஒவ்வொரு மெய்நிகர் செயலியும் ஒரு லினக்ஸ் இழை. ஆகவே டாஸ்க்செட் அப்படியே வேலை செய்தது, புதிதாக ஒரு வரி எழுதத் தேவை இருக்கவில்லை. தனக்கெனத் தனி ஷெட்யூலர் வைத்திருந்த சென்னுக்கு இந்த வசதியைத் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கேவிஎம் அடைந்த வெற்றிக்கு இந்த வடிவமைப்பின் எளிமை போதிய அளவு பேசப்படாத காரணம்.

கழக்கூட்டமும் திருவனந்தபுரமும்

இந்தியாவில் பல செயலிக் கணினித் துறையின் வேர்கள் பலவற்றைத் தேடினால் திருவனந்தபுரத்தின் வடக்கே உள்ள கழக்கூட்டத்துக்கு வந்து சேரலாம். நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990இல் ஓர் அமைப்பாகத் தொடங்கப்பட்டு, இங்கே வைத்யன் குன்னு என்ற மேட்டு நிலத்தில் எழுந்தது. 1991 மார்ச்சில் முதல்வர் இ. கே. நாயனார் அடிக்கல் நாட்டினார். 1995 நவம்பரில் பிரதமர் பி. வி. நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தார்.  

பூங்காவை உருவாக்கிய கே. பி. பி. நம்பியார், கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானை வளர்த்தவர். மத்திய மின்னணுத் துறையின் செயலாளராகவும் இருந்தவர். 1988இல் தொடங்கிய சிடாக் என்ற மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்புக்குத் தலைமையேற்ற விஜய் பட்கர், அதற்குமுன் கெல்ட்ரானின் ஆய்வுப் பிரிவைத் திருவனந்தபுரத்திலிருந்து நடத்தியவர். சிடாக் 1991இல் அளித்த பரம் 8000 மீக்கணினி, இன்மோஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்பூட்டர் செயலிகளால் ஆனது. ஒவ்வொரு டிரான்ஸ்பூட்டருக்கும் தனி நினைவகம். பக்கத்துச் செயலிகளோடு பேச நான்கு இணைப்புகள். அதன் சொந்த மொழியான ஆக்கமில் எந்த வேலை எந்தச் செயலியில் என்று நிரலிலேயே எழுதும் வாக்கிய அமைப்பு இருந்தது. வேலையை இருத்துவது நிரலரின் பொறுப்பு. பின்னால் இருந்து மாற்றிவைக்கும் ஷெட்யூலர் கிடையாது. பிணைப்பை ஒரு கூடுதல் வசதியாக அல்லாமல் நிரலின் இலக்கணமாகவே கற்ற தலைமுறை இந்தியாவில் இப்படித்தான் உருவானது.

கழக்கூட்டத்துக்கு அருகே தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட சாகா-220, 400 ஜியான் செயலிகளும் 400 என்விடியா டெஸ்லா அட்டைகளும் கொண்டது. உச்ச வேகம் 220 டெராஃப்ளாப். இத்தகைய கணினிகளில் ஒவ்வொரு ஜிபியு அட்டைக்கும் வேலை அனுப்பும் இழையை அந்த அட்டை இணைந்திருக்கும் சாக்கெட்டிலேயே இருத்துவது பொது நியதி. சிடாக்கின் திருவனந்தபுர மையம் ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்பில் வடிவமைத்த வேகா வரிசையில் நான்கு கோர் கொண்ட 64 பிட் செயலியும் உண்டு. 

நடைமுறை

கேவிஎம்மில் பிணைப்பை லிப்விர்ட் என்ற மேலாண்மைக் கருவி வழியாகச் செய்வதே வழக்கம். அதன் விர்ஷ் கட்டளையாலோ மெய்நிகர் கணினியின் எக்ஸ்எம்எல் கோப்பிலோ ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் ஒரு கோரைக் குறிப்பார்கள். பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி வேலை. மெய்நிகர் கணினியின் வன்பொருளைப் போலச் செய்யும் க்யூஎமு மென்பொருளின் மைய இழை, வட்டு வாசிப்புக்கான ஐஓ இழைகள் ஆகியவற்றுக்கும் தனி இடம் ஒதுக்காவிட்டால், மெய்நிகர் செயலிகளுக்கென்று ஒதுக்கிய அதே கோர்களில் அவையும் வந்து அமரலாம். எட்டுக் கோர் சர்வரில் முதல் இரண்டை ஹோஸ்டுக்கும் இந்த உதவி இழைகளுக்கும் விட்டுவிட்டு, அடுத்த நான்கை நான்கு மெய்நிகர் செயலிகளுக்குக் கொடுப்பது நல்ல தொடக்கம். நினைவகத்தையும் அதே நூமா பகுதியில் கட்ட வேண்டும். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் ஒரே கோரின் இரு பாதிகள் எவை என்பதைக் கெர்னலின் சிஸ் கோப்புறையில் பார்த்த பிறகே எண்களை எழுத வேண்டும். அடுத்தடுத்த எண்கள் ஒரே கோரின் பாதிகளாக இருக்கும் என்ற நம்பிக்கை பல சர்வர்களில் பொய்க்கும்.

பிணைப்பதா, ஷெட்யூலரிடம் விடுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விஎம்வேரின் ஆவணங்கள், பிணைப்பு சுமைச் சமன்பாட்டைக் கெடுக்கும் என்று எச்சரிக்கின்றன. ஒரு சர்வரில் அளவுக்கு மீறி மெய்நிகர் கணினிகளை அடைத்து வைப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும்: ஒரு கோரில் இருவர் காத்திருக்க, பக்கத்துக் கோர் சும்மா இருக்கும். ஆனால் ஷெட்யூலரிடம் விட்டாலும் இதே நிலை வரும் என்பதை 2016இல் ஜான்-பியர் லோசி குழுவினரின் ஆய்வு லினக்ஸிலேயே காட்டியது. தவிர, பகிர்ந்த தரவுக்கான பூட்டைப் பிடித்திருக்கும் மெய்நிகர் செயலியை ஹோஸ்ட் நடுவில் நிறுத்திவிட்டால் மற்றவை வீணாகச் சுழலும் என்பது 2004 முதலே ஆய்வாளர்கள் அறிந்தது. விஎம்வேரே 2013இல் வந்த விஸ்பியர் 5.5 பதிப்பில், தாமதம் பொறுக்காத பணிகளுக்குக் கோர்களை முழுமையாக ஒதுக்கித் தரும் அமைப்பைச் சேர்த்தது. தொலைத்தொடர்பு, ஒலிப்பதிவு, நிகழ்நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் பிணைப்பே சரியான வழி.

இன்றைய நிலை

2018இல் வெளிப்பட்ட எல்1டிஎஃப் பாதுகாப்பு ஓட்டைக்குப் பின், ஒரே கோரின் இரு பாதிகளை ஒன்றையொன்று நம்பாத மெய்நிகர் கணினிகளுக்குப் பகிராமல் இருப்பதற்கும் கோர் ஒதுக்கீடு பயன்படுகிறது. லினக்ஸ் 5.14 இதற்கென்றே தனி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மேகக் கணிமைக்கான ஓப்பன்ஸ்டாக்கும் குபெர்னெட்டிஸும் கோர்களைத் தனித்து ஒதுக்கும் வசதியைத் தருகின்றன. ரிஸ்க்-விக்கான கேவிஎம் 2022 ஜனவரியில் லினக்ஸ் 5.16இல் சேர்ந்தது.