துணியை வெளியில் காயப்போடலாமா? - ஃபுகுஷிமாவின் ஊர் செவிலியர்கள்

துணியை வெளியில் காயப்போடலாமா? குழாய்த் தண்ணீரில் பால்பவுடர் கரைக்கலாமா? தாய்ப்பாலை நிறுத்திவிடவேண்டுமா? மணலில் விளையாடிய குழந்தைக்குக் கையைக் கழுவிவிட்டால் போதுமா?

2011 மார்ச்சுக்குப் பிறகு ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில் அம்மாக்கள் கேட்ட கேள்விகள் இவை. கேட்டது அணு விஞ்ஞானிகளிடம் அல்ல. குழந்தையை எடை போட்டு, உயரம் பார்த்து எழுதிக்கொள்ளும் ஊர் செவிலியர்களிடம்!

ஜப்பானில் இவர்களுக்கு 'ஹொகென்ஷி' என்று பெயர். செவிலியர் படிப்புக்கு மேல் பொது சுகாதாரமும் படித்தவர்கள். 1937-ல் சுகாதார நிலையச் சட்டம் வந்தது, 1941-ல் இவர்களுக்கென்று தனி விதிகள், 1948-ல் செவிலியர்களையும் மருத்துவச்சிகளையும் சேர்த்து ஒரே சட்டம். ஒவ்வொரு நகராட்சியிலும் கிராமத்திலும் இருக்கிறார்கள். பிறந்த குழந்தையை வீட்டுக்கே வந்து பார்ப்பது, ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் நடக்கும் பரிசோதனைகள் எல்லாம் இவர்கள் பொறுப்பு. அதனால் ஹொகென்ஷி என்றால் தாய்மார்களுக்கு முகம் தெரிந்த ஆள். இவர்கள் படித்த படிப்பில் கதிர்வீச்சைப் பற்றி அதிகம் ஒன்றும் இல்லை என்பதுதான் சிக்கல்.

2011 மார்ச் 11-ல் 9.0 அளவு நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. மறுநாளே ஃபுகுஷிமா தாய்இச்சி அணு உலையில் முதல் வெடிப்பு. அன்று மாலை 20 கிலோமீட்டர் சுற்றளவில் எல்லோரும் வெளியேறச் சொன்னார்கள். 15-ம் தேதி, 20 முதல் 30 கிலோமீட்டர் வரை இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றார்கள். வரைபடத்தில் போட்ட வட்டம் காற்றுக்குத் தெரியுமா? வட்டத்துக்கு வெளியே வடமேற்கில் இருந்த இய்தாதே கிராமத்தில்தான் கதிரியக்கத் துகள்கள் மழையோடும் பனியோடும் அதிகமாக இறங்கின. அங்கே வெளியேற்ற அறிவிப்பு வந்தது ஏப்ரல் 22-ல்!

எண்களும் ஒரு நிலையில் நிற்கவில்லை. மார்ச் 23-ல் டோக்கியோ குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 210 பெக்கரல் அயோடின். பெரியவர்கள் குடிக்கலாம் (வரம்பு 300), கைக்குழந்தைக்குக் கூடாது (வரம்பு 100). ஒரே குழாய், ஒரே தண்ணீர். ஏப்ரல் 19-ல் பள்ளி மைதானங்களுக்கு வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் என்ற அளவை வைத்து அரசு விதி போட்டது. பிரதமர் அலுவலகத்தின் ஆலோசகராக இருந்த பேராசிரியர் தொஷிசோ கொசாகோ, குழந்தைகளுக்கு இது ஏற்கவே முடியாதது என்று கண்ணீரோடு பதவி விலகினார். பெற்றோர் டோக்கியோ வரை போய்ப் போராட, மே 27-ல் அமைச்சகம் 1 மில்லிசீவர்ட்டை இலக்கு என்றது. உணவில் சீசியம் கிலோவுக்கு 500 பெக்கரல் வரை போகலாம் என்றிருந்ததை 2012 ஏப்ரலில் 100 ஆக்கினார்கள், குழந்தை உணவுக்கு 50. வரம்பைக் குறைத்தது நல்லதுதான். ஆனால் "அப்போ போன வருஷம் நான் கொடுத்த சாப்பாடு?" என்று ஒரு தாய் கேட்டால் செவிலியர் என்ன சொல்வார்? அந்தச் செவிலியர்களிலும் பலர் தாய்மார்கள், வீட்டை விட்டு வெளியேறியவர்கள். தங்கள் குழந்தைக்கே விடை தெரியாமல்தான் அடுத்தவர் குழந்தைக்குச் சொன்னார்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒரு கடிதத்தால் வந்தது. 2011 அக்டோபரில், விபத்தின்போது 18 வயது அல்லது அதற்குக் கீழே இருந்த சுமார் 3,60,000 பேருக்கு தைராய்டு ஸ்கேன் தொடங்கியது. முடிவு வீட்டுக்குத் தபாலில் போனது. A1 என்றால் ஒன்றும் இல்லை. A2 என்றால் 5 மில்லிமீட்டர் வரை சிறு கட்டி அல்லது 20 மில்லிமீட்டர் வரை நீர்க்கட்டி. மேல் பரிசோதனை தேவையில்லை. மருத்துவருக்கு இது சாதாரணம். ஆனால் "கட்டி இருக்கிறது, இரண்டு வருடம் கழித்து வாருங்கள்" என்று படித்த அம்மா எப்படித் தூங்குவார்? பிறகு அவோமொரி, யமனாஷி, நாகசாகி ஆகிய தூரத்து இடங்களில் 4,365 குழந்தைகளுக்கு அதே ஸ்கேன் செய்தார்கள். அங்கேயும் பாதிக்கு மேல் A2! முடிவு வந்தது 2013 மார்ச்சில். அதுவரை பதில் சொல்லும் வேலை யாருக்கு விழுந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஃபுகுஷிமா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அயா கோட்டோ இந்த இடத்தில்தான் செவிலியர்களைப் பிடித்துக்கொண்டார். ஹார்வர்டின் ரிமா ரட் உதவியோடு அவர் நடத்திய பயிற்சி கதிர்வீச்சுப் பாடமே அல்ல. ஒரு சுகாதாரத் துண்டறிக்கையை எடுத்து, இதைச் சாதாரண ஆளால் படிக்கமுடியுமா என்று எடைபோட்டு, திருப்பி எழுதிப் பார்க்கிற பயிற்சி. கலைச்சொல்லைக் குறைப்பது, எண் என்றால் அதன் பொருளையும் சேர்த்துச் சொல்வது... கேட்க எளிமையாகத் தெரியும். மைக்ரோவுக்கும் மில்லிக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பதை, தூங்காத ஒரு தாய்க்குப் புரியவைத்துப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

பதிலைவிடக் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்பதுதான் பாதி வேலையாக இருந்தது. மாமியார் தோட்டத்துக் காய்கறியை வேண்டாம் என்று சொல்லமுடியவில்லை, கணவர் வேலையை விட்டு வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் ஊரை விட்டே போய்விட்டார். இவையெல்லாம் பெக்கரலில் அளக்க முடியாதவை. 2012-ல் மாகாணத்துக்கு வெளியே 60,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அப்பா ஊரில், அம்மாவும் குழந்தையும் வேறு ஊரில் என்று பிரிந்த குடும்பங்கள் பல. "பயப்படாதீர்கள்" என்று சொன்னால் போனவர் கோபப்படுவார். "ஜாக்கிரதை" என்றால் இருப்பவர் குற்ற உணர்ச்சியில் வாடுவார்.

கதிர்வீச்சால் நேரடியாக உடல்நலம் கெட்டதாகப் பதிவு இல்லை என்று ஐ.நா. அறிவியல் குழு 2021-ல் அறிக்கை தந்தது. நுட்பமான ஸ்கேன் செய்ததால்தான் தைராய்டு புற்றுநோய் அதிகமாகக் கண்ணில் படுகிறது என்பது அதன் கருத்து. எல்லோரும் இதை ஏற்கவில்லை. அணு விபத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தைராய்டு ஸ்கேன் செய்யவேண்டாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் நிபுணர் குழு 2018-லேயே சொன்னது. ஃபுகுஷிமாவில் அதற்குப் பிறகும் பரிசோதனை நடந்தது. ஆக அம்மாக்களின் கேள்வியும் மாறிப்போனது: "என் பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கவா, வேண்டாமா?"