மவுண்ட் ரோட்டில் ஒரு க்யூ

மலர்க் குழுத் தம்பிகள் போன் செய்து, "ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். சரித்திரம் படித்துவிட்டு முப்பது வருஷம் பேங்கில் கணக்கு எழுதியவன் நான். எனக்குத் தேதியோடு தெரிந்த சரித்திரம் ஒன்றுதான்: நம் விடுதியிலிருந்து பஸ் ஏறிப் போய் நாம் நின்ற தியேட்டர் வாசல்கள்.

அண்ணா சாலை என்று பெயர் மாறிய பிறகும் நமக்கு அது மவுண்ட் ரோடுதான். தென்னிந்தியாவில் சினிமாக் கொட்டகை வேர் பிடித்ததே அந்தச் சாலையில் என்றால் மிகையாகாது. 1913இல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் அங்கே எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். அடுத்த ஆண்டே ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது. பிறகு வெலிங்டன், கேஸினோ என்று வரிசையாக வந்தன. 1961இல் சாந்தி. 1964இல் சபையர், எமரால்ட், புளூ டைமண்ட் என்று ஒரே வளாகத்தில் மூன்று. 1970இல் தேவி. நாம் கல்லூரிக்குள் நுழைந்தபோது எல்லாம் தயாராக நமக்காகவே காத்திருந்தன!

புளூ டைமண்டை மறக்க முடியுமா? அங்கே படம் காலையிலிருந்து தொடர்ந்து ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், பாதியில் உட்கார்ந்து அடுத்த காட்சியில் முதல் பாதியைப் பார்த்துக்கொள்ளலாம். வெயிலுக்கு ஏ.சி. தேடி வந்தவர்கள், இன்டர்வியூவுக்கு வந்து நேரம் போகாதவர்கள், வகுப்புக்கு மட்டம் போட்ட நம்மைப் போன்றவர்கள் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் தூங்கியிருக்கிறோம்.

ஆனால் உண்மையான படம் வெளியே க்யூவில்தான் ஓடியது. முன்வரிசை டிக்கெட் ஒரு ரூபாய்க்கும் குறைவு. இரண்டு மணி நேரம் நின்றால் முன்னால் ஒரு ஆட்டோக்காரர், பின்னால் ஒரு பிரஸ் தொழிலாளி, நடுவில் நாம். அரசியல் பேசுவோம், சண்டை போடுவோம், 'இடம் பாத்துக்கங்க அண்ணே' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்தால் இடம் இருக்கும். சாந்தி வளாகத்தில் படம் பார்க்காமலேயே மாலைதோறும் கூடும் சிவாஜி ரசிகர்கள் இருந்தார்கள். எந்தப் படம் எந்த ஊரில் எத்தனை நாள் ஓடியது என்று அவர்கள் வாதாடுவதைக் கேட்டுத்தான் ஆதாரம் காட்டிப் பேச வேண்டும் என்பதை நான் கற்றேன். (நம் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்!)

இதெல்லாம் எப்படிப் போயிற்று? டி.வி.யைக் குறை சொல்வது சுலபம். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. அப்புறம் வீடியோ கேசட், 1993இல் சன் டி.வி. ஆனால் பேங்க்காரன் கண்ணுக்குத் தெரிவது நிலத்தின் விலை. ஆயிரம் பேர் உட்காரும் பெரிய கூடமும் சுற்றிலும் காலி இடமும் வைத்துக்கொண்டு, நாளைக்கு நாலு காட்சி ஓட்டி, முதல் வாரம் போனால் பாதி நாற்காலி காலி. ஏ.சி.க்கு கரண்ட் பில், கேளிக்கை வரி வேறு. அதே மனையில் பல மாடி எழுப்பினால் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதம் பிறந்ததும் வாடகை வந்துவிடும். எந்த முதலாளி யோசிப்பார்?

1983இல் பழைய ஸ்பென்சர் எரிந்தது. அந்த இடத்தில் 1990களின் தொடக்கத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்து வழி காட்டியது. வெலிங்டன் இருந்த இடம் வெலிங்டன் பிளாசா ஆயிற்று. 1990களின் நடுவில் சபையர் மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, மனை பல வருஷம் சும்மா கிடந்தது. ஆனந்தும் கெயிட்டியும் போயின. சாந்தி 2016இல் கடைசிக் காட்சி ஓட்டியது. அதற்குள் 2010இல், எக்ஸ்பிரஸ் எஸ்டேட் மனையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் வந்து, அதற்குள்ளேயே எட்டுத் திரைகள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஆக, திரை குறையவில்லை. வாசல்தான் தெருவிலிருந்து உள்ளே போய்விட்டது. தெருவை நம்பிப் பிழைத்த சுண்டல்காரர், பாட்டுப் புத்தகம் விற்றவர், ஏன், 'பிளாக்'கில் விற்றவர்கூட உள்ளே போக முடியவில்லை.

இதை நான் எழுதியிருப்பதை நம் வகுப்புத் தோழி ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, க்யூ க்யூன்னு உருகுறியே, அந்தக் க்யூவுல நான் எங்க இருந்தேன்? மூணு வருஷத்துல நான் மவுண்ட் ரோட்டுல பார்த்தது மூணே படம். மூணும் அப்பாகூட. என் பொண்ணு சிநேகிதிங்களோட மாலுக்கு நைட் ஷோ போறா. நான் நிம்மதியா தூங்குறேன்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையைக் கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவர் சொன்னது நிஜம். ஆனால் போன வருஷம் ஒரு மால் வாசற்படியில் களைத்து உட்கார்ந்த வேட்டி கட்டிய பெரியவரைக் காவலாளி எழுப்பியதையும் இந்தக் கண்ணால்தான் பார்த்தேன். அவள் உள்ளே வந்தாள், இவர் வெளியே போனார். இரண்டுமே ஒரே கட்டடத்தில் நடந்திருக்கிறது. இரண்டு பேரும் நிற்கக்கூடிய ஒரு வாசலை ஏன் யாரும் கட்டவில்லை என்பதை இப்போது படிக்கும் தம்பி தங்கைகள்தான் ஆராய வேண்டும். பழைய மாணவிகள் அந்த நாட்களை எழுதினால் அடுத்த மலரில் போடும்படி மலர்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சின்னத் தகவல். முதலில் சொன்னேனே, எலெக்ட்ரிக் தியேட்டர், அது இடிபடவில்லை. சில வருஷங்களிலேயே தபால் இலாகா வாங்கிவிட்டதால் தப்பியது. இன்று தபால்தலை சேகரிப்போருக்கான பிரிவு அதில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அரை மணி ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். வழி கேட்கும்போது அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையம் என்று கேளுங்கள். தியேட்டர் என்று கேட்டால் தேவிக்கு அனுப்பிவிடுவார்கள்.